பிலோமினா அக்கா கேட்ட கண் பரிசோதனை

பிலோமினா அக்கா காலமான செய்தி மொனராகலை பஸ்ஸில் எனக்கு வந்தது. அவருடைய மகள் ரோஸ்லின் தொலைபேசியில் அழவில்லை. காய்ச்சலில் படுத்தவர் நான்காம் நாள் எழவில்லை, நாளைப் பின்னேரம் அடக்கம் என்றாள். "வராம இருந்துறாதீங்க சார்" என்றாள்.

இன்று அவர் நினைவுக்காகக் கூடியிருக்கும், பூனாகலைத் தோட்டத்தில் அவரோடு தேயிலைக் கொழுந்து பறித்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஒன்றைத் தவிர. அதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அப்போது நான் அந்தத் தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர். பதுளை ஆஸ்பத்திரிக்குப் பெரியவர்களைக் கண் காட்ட அழைத்துப்போக ஒரு வேன் கிடைத்தது. பதினான்கு பேருக்குத்தான் இடம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வந்தவர்களிடம் பெயர் எழுதினேன். பார்வை மங்கியவர்களுக்கு நடுவே பிலோமினா அக்காவும் நின்றார். அடுத்த மலையில் நிற்பவர் யாரென்று இங்கிருந்தே சொல்லக்கூடியவர் அவர். கொஸ்லந்தையில் இருந்த அவருடைய அண்ணனுக்குக் கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை போய்விட்டது. கூடப் பிறந்தவர்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார்.

உங்களுக்குக் கண் தெரிகிறதா என்று கேட்டேன். நன்றாகத் தெரிகிறது என்றார். அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லி, எழுதிய பெயரை அடித்தேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினார்.

அடுத்த தடவை வர இரண்டு வருடங்கள் போயின. அதற்குள் அவர் லயத்து வீட்டு வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். ஒருநாள், பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கானைக் காணாமல் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கைக்கு மருந்து கட்டப் போன இடத்தில்தான் கண்ணையும் பார்த்தார்கள். நேரே இருப்பது தெரிந்தது, இருபக்கமும் போயிருந்தது. போனது திரும்பாது, மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள்.

பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரே பேசினார்: "கண்ணு தெரியாதவங்களத்தான் கூட்டிட்டுப் போனீங்க சார். தெரியிறவங்களுக்குத்தானே காப்பாத்துறதுக்குக் கண்ணு இருந்துச்சு."

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு பட்டியலை அவர்தான் எழுத வைத்தார். நாற்பது தாண்டியவர்களையும், வீட்டில் யாருக்காவது பார்வை போனவர்களையும் லயம் லயமாகத் தேடிப்போனார். முத்தையா கங்காணி தனக்கு ஒரு குறையுமில்லை என்று மறுத்தார். "எனக்கும் ஒண்ணும் இல்லாமத்தாங்க இருந்துச்சு" என்றார் அக்கா. கங்காணி பரிசோதனைக்குப் போனார். அவருக்கு நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தார்கள். அக்காவின் பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நடந்தவர் அவர். அந்தச் சரிவான படிகளில் கால் பிசகவில்லை.

போன மாதம் அக்கா தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: "நீங்க உங்க கண்ணக் காட்டிட்டீங்களா சார்?"

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒருமுறையும் காட்டியதில்லை. காட்டிவிட்டேன் என்றேன்.

"இப்பதாங்க நிம்மதி" என்றார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் பதுளைக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். குறையொன்றுமில்லை என்றார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் இல்லை. அவருக்கு நான் கொடுத்த நிம்மதி அது ஒன்றுதான். அதையும் பொய் சொல்லித்தான் கொடுத்தேன்.