மேற்கு பார்த்த கப்பல்

போன வாரம் மயிலாப்பூர் டிராமில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை. "நைனா, நீ அந்தத் திறந்தவெளி நாடக விழா ஆளுதானே? இந்த வருசம் கடல் கொள்ளைக்காரன் கதை கீதா, இல்லியா?" என்றார். இருக்கிறது என்றேன். அப்புறம்தான் டிக்கெட்!

இன்று டிராமில் விசாரிக்கிறார்கள். முதல் வருஷம்...?

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதிப் பட்டணம் காலி. இருட்டிய பின் விளக்கு கூடாது. நாடகக் கொட்டகைகளுக்குப் பூட்டு. நான் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன். கொஞ்ச நாள் கட்டுமரம், பிறகு ராஜாம்பாள் நாடகக் கம்பெனியில் மேடைக் கப்பலின் பாய்மரம் தூக்குகிற வேலை. ஒரு வேளைச் சாப்பாடு. போதாது, பழகிவிட்டது.

ராஜாம்பாள் ராஜபார்ட் வேஷக்காரர். மீசை ஒட்டிக்கொண்டால் ஆண்பிள்ளைகளே ஒதுங்குவார்கள்.

"விளக்குதானே கூடாதுன்னாங்க? வெயில் கூடாதுன்னு சொல்லலையே!" என்றார்.

மயிலாப்பூருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வக்கீலின் மைதானம் கிடைத்தது. சாயங்காலம் நாலு மணி ஆட்டம். ஐந்து நாள், ஐந்து சாகசக் கதை — புலி வேட்டை, புதையல், கப்பல் சண்டை...

முதல் நாளே மானம் போயிற்று.

நடிகர் கிழக்கு பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்பது கம்பெனி சம்பிரதாயம். அப்படியே மேடை கட்டினோம். நாலு மணிக்குக் கடற்காற்று எழுந்து நேரே வாயில் அடித்தது. ராஜாம்பாள் விட்ட சவால் முதுகுக்குப் பின்னால் மாம்பலத்தில் கேட்டிருக்கும். எதிரே உட்கார்ந்தவனுக்குக் கேட்கவில்லை.

"இன்னாம்மா, ஊமை நாடகமா?" — ஒரே கூச்சல். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

வக்கீல் வந்தார். "நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா மைதானத்தை மறந்துடுங்கோ."

மைதானம் போனால் கம்பெனி கலையும். பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு திசை.

"மேடையைத் திருப்பிப் போடலாம்மா. காத்து முதுகுல அடிச்சா, குரலை அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்றேன்.

ஆர்மோனியம் நாயுடு துள்ளினார். "மேற்கு பார்த்து வேஷம் கட்டினா விளங்குமாடா?"

"கிழக்கு பார்த்து இன்னிக்கு விளங்கிச்சா, நாயுடு?" என்றார் ராஜாம்பாள். அவ்வளவுதான். மூங்கிலைப் பிடுங்கினோம்.

மறுநாள் கப்பல் சண்டை. காற்று எழுந்தது. பாய்மரத்தை நிமிர்த்தினேன் — பாய் விம்மியது! கப்பல் தங்கள் மேலேயே வருகிறது என்று முன்வரிசை எழுந்து ஓடியது. வெயிலில் கண் கூசி ராஜாம்பாள் முகத்தைச் சுளித்தார். வீராவேசம் என்று கைதட்டினார்கள்.

"எவன்டா என் எதிரி?" — கடைசி வரிசைக்கும் கேட்டது.

"நாங்க இல்லேம்மா!" என்று அங்கிருந்து பதில் வந்தது.

வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்தார். "நாளைக்கு என்ன கதை?"

மீதி மூன்று நாளும் மைதானம் கொள்ளாத கூட்டம். மறு வருஷமும் அப்படியே. யுத்தம் முடிந்து கொட்டகைகள் திறந்தன, எங்களை அழைத்தன. போகவில்லை. வெயிலும் காற்றும் இலவசமாக நடிக்கும்போது கூரை எதற்கு?

நேற்று, புதிதாகச் சேர்ந்த ஒருவர் கிழக்கு பார்த்து மேடைக்கு மூங்கில் நட்டார். நாயுடு பாய்ந்து வந்தார்.

"ஆதி காலத்துலேருந்து மேற்கு பார்த்துத்தான்யா!"

அந்த ஆதி காலத்துக்கு வயது ஆறு.