பூ எடுக்கிற கை

எங்கள் குடும்பத்தில் எந்த முடிவையும் மனிதர்கள் எடுப்பதில்லை. குலதெய்வம்தான் எடுக்கும். கோழிப்பண்ணைக்கு இன்னொரு கொட்டகை போடலாமா, தண்ணீருக்குப் போர் எந்த இடத்தில் ஓட்டலாம், சித்தப்பாவுக்கு வந்திருக்கும் ராசிபுரத்துப் பெண் சரிப்படுமா என்று எது வந்தாலும், பரமத்தி வேலூர் பக்கம் இருக்கிற எங்கள் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்போம். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைப்பார் பூசாரி. ஒரு குழந்தை போய் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வேலை எனக்குத்தான்.

“கண்ணை மூடிக்க சாமி. யோசிக்கப்படாது. கை போற பக்கம் எடு” என்பார் பூசாரி.

யோசித்தால் நம் ஆசை குறுக்கே வந்துவிடும், அம்மன் சொல்ல வந்தது கெட்டுவிடும். நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. நான் எடுத்த பொட்டலத்தை நம்பி ஓட்டிய போரில் தண்ணீர் வந்ததால், கைராசிக்காரி என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சித்தி கொஞ்சம் கோபக்காரியாக அமைந்துவிட்டாள். அதை மட்டும் யாரும் என் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, எங்கள் பள்ளியில் எல்லாக் குழந்தைகளுக்கும் அறிவுத்திறன் சோதனை என்றார்கள். சேலத்திலிருந்து ஒரு மேடம் வந்து ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார். என் முன்னால் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கத்துக்கு நான்கு படங்கள்.

“இதுல சேராதது எதும்மா? ஒண்ணைத் தொட்டுக் காட்டு.”

ஒன்றைத் தொடச் சொன்னால் எப்படித் தொட வேண்டும் என்று எனக்கா தெரியாது? கண்ணை மூடினேன், அம்மனை நினைத்தேன், கை போன பக்கம் தொட்டேன். அடுத்த பக்கத்துக்கும் அப்படியே. “படத்தைப் பாரும்மா” என்று அவர் நடுவில் ஒருமுறை சொன்னார். மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். மற்ற பிள்ளைகள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த சூடுகூட இருந்திருக்காது. அவ்வளவு வேகமாக முடித்து வந்தேன்.

அடுத்த வாரம் அப்பாவையும் அம்மாவையும் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். சாதாரணப் பிள்ளைகளுக்கு நூறை ஒட்டி வரும் எண், எனக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்தது. பாப்பா கண்ணை மூடிக்கொள்கிறாள், படத்தில் கவனமே நிற்பதில்லை என்றாராம் மேடம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருக்கிறது, அடுத்த மாதமே மாற்றிவிடலாம் என்றாராம் தலைமையாசிரியை.

அதுவரை எங்கள் வீட்டில் புத்திக்கு ஆளுக்கொரு இலக்கணம் இருந்தது. முட்டை வியாபாரியிடம் விலை பேசத் தெரிந்தவன் புத்திசாலி என்பார் அப்பா. பெரியப்பாவுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு திக்காமல் வர வேண்டும். அம்மாவுக்கு, காணாமல் போன பொருளைத் தேடி எடுத்துத் தருகிறவள்தான் கெட்டிக்காரி. இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது நான் எப்படியோ தேறிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தாளில் ஓர் எண் வந்ததும், எல்லோருக்கும் தங்கள் இலக்கணம் மறந்துபோனது.

அன்றிலிருந்து வீட்டில் நான் ராணி. எல்லோரும் என்னிடம் நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் பேசினார்கள். பெரியப்பா தினமும் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வந்தார். பெரியப்பா மகன் கேரமில் என்னிடம் தோற்றான், அதுவும் சண்டை போடாமல். ரப்பரைத் தொலைத்துவிட்டு வந்தபோது அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, தலையைத் தடவிவிட்டு வேறு ரப்பர் தந்தாள். ஒருநாள் சமையலறையில் அம்மா அப்பாவிடம், “வயித்துல இருக்கறப்ப எனக்குக் காய்ச்சல் வந்துதே, அதனாலயா இருக்குமுங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்ற அப்பாவின் குரல் அப்பாவின் குரல் மாதிரியே இல்லை. யாருக்கோ காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு நான் மிச்சமிருந்த பன்னைத் தின்னப் போனேன்.

தனி வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று அப்பாவால் முடிவு செய்ய முடியவில்லை. ஆகவே பூக் கேட்கப் போனோம். என் விஷயமாகவே கேட்டாலும் எடுக்க வேண்டியவள் நான்தான். வழக்கம்போலக் கண்ணை மூடி, உதட்டுக்குள் அம்மனைக் கூப்பிட்டு, கையை நீட்டினேன். கை பொட்டலத்தைத் தொடுவதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அம்மிணி, அந்த மேடம் படம் காட்டுனப்பவும் இப்படித்தான் தொட்டயா?”

“ஆமாம்மா. யோசிக்கவே இல்ல” என்றேன் பெருமையாக.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சாமி வந்துவிட்டது என்று பூசாரி திருநீறு எடுக்க ஓடினார்.

“ஏனுங்க, இவ அங்கயும் போய் பூ எடுத்திருக்கறாளுங்க” என்றாள் அம்மா.

அப்பா இரண்டு பொட்டலங்களையும் பிரிக்காமலே பூசாரியிடம் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார். இன்னொரு தடவை சோதித்துப் பார்ப்பது என்று அம்மா சொன்னாள். பூக் கேட்காமல் எங்கள் வீட்டில் எடுத்த முதல் முடிவு அதுதான்.

சேலத்தில் மேடம் விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். இந்த முறை வேறு புத்தகம். “இங்க யோசிக்கலாம் பாப்பா. எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்க” என்றார். நம்பிக்கையில்லாமல் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையசைத்தாள். அதன் பிறகு நான் யோசித்தேன். மாடு, ஆடு, கோழி, பூனை என்று ஒரு பக்கம் வந்தது. மற்ற மூன்றையும் விற்கலாம், பூனையை யார் வாங்குவார்கள் என்று பூனையைத் தொட்டேன். இரண்டு கால் என்பதால் புத்தகத்தில் கோழிதான் சரியாம். “நீ சொல்றதும் நியாயந்தான், ஆனா இதுல அதுக்கு மார்க் இல்ல” என்றார் மேடம்.

எண் நூறைத் தாண்டியிருந்தது. அப்பா அந்த அறையிலிருந்த நாற்காலியில் அப்போதுதான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். “அன்னிக்கி வந்ததும் இதே புள்ளதான். இந்த நம்பர் அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல நான் பேசிக்கறேன்” என்று மேடம் சொன்னதற்கு, இரண்டு பேரும் திரும்பத் திரும்பத் தலையாட்டினார்கள்.

திரும்பும்போது நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அம்மா, அதற்கடுத்து அப்பா. மல்லூர் தாண்டியதும் அம்மா தண்ணீர் கேட்டாள்.

“மேடம் ரூம்லயே வெச்சுட்டேன்” என்றேன்.

“புதுப் பாட்டிலு. போன வாரந்தான வாங்குனது. உனக்குப் புத்தி இருக்குதா?”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டாள். கேட்ட பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பாவும் அவளைப் பார்த்தார். முதலில் அப்பாதான் சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“இன்னொருக்கா கேளு” என்றார் அப்பா.

“புத்தி இருக்குதாடி உனக்கு?” என்று கேட்டுக்கொண்டே அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

பாட்டிலும் போய், அத்தனை நாள் இல்லாத திட்டும் வாங்கி, அதற்கு இருவரும் சேர்ந்து சிரிக்கவும் செய்தால் எனக்கு எப்படி இருக்கும்? இவ்வளவு நாள் நன்றாகத்தானே இருந்தார்கள், நான் அப்படி என்ன தப்புச் செய்துவிட்டேன் என்று புரியாமல், ராசிபுரம் வரும்வரை அம்மா மடியில் படுத்து அழுதுகொண்டே வந்தேன்.