மல்லாட்டைத் தோலுக்கு உறை ஊற்றியவர்

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் ஒன்று வந்தது. தபால்காரர் தெரு முனையிலிருந்தே சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டு வந்தார். ஐரோப்பாவில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கான இரண்டு வருட ஆராய்ச்சிப் பணி. வைக்கோலையும் மரத்தையும் மக்கச் செய்கிற பூஞ்சையின் நொதியைக் கற்கண்டு போலப் படிகமாக்கி, அதில் எக்ஸ்ரே பாய்ச்சி, அதன் வடிவம் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவுக்குத்தான் குழப்பம். ஊறுகாயில் பூசணம் பிடித்தால் நாம் தூக்கிப் போடுகிறோம், இவளை அதற்காக விமானத்தில் கூப்பிடுகிறார்களே என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நான் சென்னையில் ஆராய்ச்சி செய்த பூஞ்சையை உயிரோடு கொண்டு வர வேண்டும். எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் தோலையே மக்கச் செய்கிற பூஞ்சை அது. அது இருந்தால்தான் எனக்கு அங்கே இடம்.

அதற்கென்ன என்று சென்னைக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தேன். பூஞ்சை பச்சைப் பசேலென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு துண்டு காகிதத்தைப் போட்டால் நாலே நாளில் கரைத்துவிடும் பூஞ்சை, பத்து நாளாகியும் அதைத் தொடவே இல்லை. மூன்று வருடமாகச் சீக்கிரம் வளரட்டும் என்று சர்க்கரைப் பாகு ஊற்றி வளர்த்திருந்தேன். உட்கார்ந்த இடத்தில் பாயசம் கிடைக்கும்போது யார் தோலைக் கடிப்பார்கள்? கையிருப்பில் இருந்த எல்லாக் குழாய்களும் அதே செல்லப்பிள்ளைதான். எடுத்த இடத்திலேயே போய் மறுபடி எடுத்து வா என்றார் என் பேராசிரியர். புறப்பட இரண்டே மாதம் இருந்தது.

எடுத்த இடம் திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கும் மில் ஒன்றின் பின்பக்கம். முன்பு அங்கே தோல் மலை போலக் குவிந்து கிடக்கும். விடிந்ததும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால், பெருக்கி விட்ட வாசல் மாதிரி தரை சுத்தமாக இருந்தது. செங்கல் சூளைக்காரர்கள் எரிப்பதற்காக மொத்தத்தையும் லாரியில் அள்ளிப் போய்விட்டார்களாம். நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மெஷினில் மல்லாட்டை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். தலையெல்லாம் தோல் தூசி.

“இன்னாக்கா தேடுறீங்க?”

மக்கிப்போன தோல் வேண்டும், காலேஜுக்கு என்று மட்டும் சொன்னேன். இவருக்கு விளக்கினால் என்ன புரியப்போகிறது என்ற நினைப்பு. அவர் சிரித்துவிட்டார். நல்ல தோல் கேட்டு வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஈரத் தோலைச் சூளைக்காரர்கள் தொட மாட்டார்கள் என்றும், அதைத் தான் வீட்டுக்குக் கொண்டுபோய் எருவாக்குவதாகவும் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் பின்னால், பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் இருந்தது குவியல். மேலே மூடியிருந்த சாக்கை விலக்கினார். குப்பென்று ஆவி அடித்தது. கையை விட்டால் சுட்டது. உள்ளே இருந்த தோல் விரலில் புட்டு மாதிரி உதிர்ந்தது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

மல்லாட்டைத் தோல் லேசில் மக்காதே, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதாங்க. பழசுல ஒரு கூடை எடுத்துப் புதுசுல கலந்துடுவேன். ஆனா வேற ஒண்ணும் போடக் கூடாது. ஒரு தபா கஞ்சி ஊத்திப் பாத்தேன். அந்த உறை அத்தத் துன்னுக்கினு சொகமா கெடந்துச்சு, தோலு அப்டியே இருக்குது.”

எனக்குச் சுரீர் என்றது. நான் மூன்று வருடம் செய்த தப்பை, இவர் ஒரு தடவை செய்து பார்த்து, திருத்திக்கொண்டும் விட்டார். இவருக்குப் புரியாது என்று நினைத்தேனே, வெட்கமாகப் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். இதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தோலைத் தின்கிறது, எந்தப் பல்லால் தின்கிறது என்று பார்க்கத்தான் சீமைக்குப் போகிறேன் என்றேன். அவர் கண்ணை அகல விரித்துக் கேட்டார். நான் கொண்டுபோன குழாய்கள் போதாதென்று தன் டிபன் பாக்ஸைக் கழுவி அதிலும் அள்ளிக் கொடுத்தார்.

“பல்லு எப்டி இருக்குதுன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்க்கா.”

சென்னையில் அதிலிருந்து என் பூஞ்சையைப் பிரித்தெடுக்க மூன்று வாரம் ஆனது. சர்க்கரையைக் கண்ணில் காட்டாமல், பிரித்ததும் ஒரு துண்டு காகிதத்தை மட்டும் போட்டு வைத்தேன். நாலாம் நாள் காலை, குடுவைக்குள் காகிதம் கூழாகிக் கிடந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் ஏதோ வெடித்துவிட்டதென்று ஓடி வந்தார்கள்.

வெளிநாட்டில் போய் இறங்கியதும் ஒரு பதிவேட்டை நீட்டினார்கள். மாதிரியைத் தந்தவர் பெயர் என்று ஒரு கட்டம். அப்போதுதான் உறைத்தது, அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. அந்தக் கட்டம் இரண்டு வருடம் காலியாகவே இருந்தது. அதற்குள் எனக்குப் படிகம் விளைந்தது, வடிவமும் மங்கலாகத் தெரிந்தது.

ஊர் திரும்பிய மறுநாளே அந்த டிபன் பாக்ஸில் அல்வா நிரப்பிக்கொண்டு திண்டிவனம் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். முதல் வேலையாக, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன்.

“பேரு கெடக்குதுக்கா. பல்லு எப்டி இருந்துச்சு, அத்தச் சொல்லுங்க.”

குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து காட்டினேன். பல்லே இல்லை, நீளமாக ஒரு பள்ளம், அதில் நார் படிந்ததும் துண்டாகிறது என்றேன். கரும்பு நறுக்குகிற மாதிரியா என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான். பெயரைக் கடைசியில்தான் சொன்னார். அன்றைக்கே கடிதம் எழுதி அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னேன். பிறகு எத்தனையோ மேடையில் அந்தப் படத்தை விளக்கிவிட்டேன், ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் காத்திருந்த ஒருவருக்கு மண்ணில் வரைந்து காட்டிய அந்த நாளைத்தான் என் ஆராய்ச்சி முடிந்த நாளாக இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.