நாலு இஞ்சு சுவரில் மாட்டிய வசனம்

பைபிள் வசனப் பலகை வியாபாரத்தில் ஒன்றை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளலாம்: வீட்டில் எது இல்லையோ, அதைத்தான் மக்கள் சுவருக்கு வாங்குவார்கள். சமாதானத்தைப் பற்றி வசனம் வேண்டுமென்று வருகிறவர்கள் வாசலில் சண்டை போட்டுக்கொண்டேதான் படியேறுவார்கள்.

உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் எங்கள் கடை. முன்னால் நான் ஆர்டர் எடுப்பேன். பின்னால் எங்கள் வீட்டுக்காரர் சட்டம் அறுத்துக் கண்ணாடி போடுவார். துணிக்கடையோ மருந்துக்கடையோ, எந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்று சிரித்துத் தொலைக்கிறவர்களாக இருந்தாலும் சரி, சக பாடுபடுகிறவர்களே, உங்களிடம் சொல்லாமல் இதையெல்லாம் யாரிடம் சொல்வேன்? சபைப் போதகரிடம் சொல்லலாம்தான். ஆனால் அவரும் என் வாடிக்கையாளர்.

போணியாகாத வசனம்

உண்ணவும் உடுக்கவும் இருந்தால் அதுவே போதும் என்று சொல்லும் வசனம் ஒன்று, நல்ல தேக்குச் சட்டத்தில், எங்கள் ஷோகேஸில் வருஷக்கணக்காகக் குடியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று வாசிப்பார்கள். கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் ஆசீர்வாதப் பலகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

சரவணம்பட்டியில் வீடு கட்டிய ஒரு அம்மா, வீட்டுப் பிரதிஷ்டைக்கு வசனம் தேடி வந்தார். இன்றைக்கு இதைத் தள்ளிவிடாமல் ஓய்வதில்லை என்று நானும் போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பதில் ஆரம்பித்து ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அந்த அம்மா உண்மையாகவே யோசித்தார். பலகையைக் கையில்கூட எடுத்தார். பிறகு பயந்ததுபோலத் திரும்ப வைத்துவிட்டார்.

"வேண்டாமுங்கக்கா. இதைத் தெனமும் படிச்சாருன்னா எங்க ஊட்டுக்காரரு மேல்மாடி கட்ட மாட்டாருங்க."

பொறுமை மாற்றித் தரப்படமாட்டாது

புது வருஷ ஆராதனையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கைக்கு எது வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் நமக்குச் சொன்னது. மறுநாள் காலையிலேயே எங்கள் கடையில் கூட்டம் கூடிவிடும். பாதிப் பேர் சட்டம் போட வருவார்கள். மீதிப் பேர் மேல்முறையீட்டுக்கு வருவார்கள்.

அப்படி வந்த ஒருவர், அட்டையை மேசையில் வைத்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பொறுமையாகக் காத்திரு என்ற வசனம். மனைவிக்கு வந்ததோ, உன்னைத் தலையாக்குவேன், வாலாக்கமாட்டேன் என்று உயர்வைச் சொல்லும் வசனம். "சட்டம் போடறதுதானே, கொஞ்சம் நல்லதா ஒண்ணை வெச்சுப் போட்டுக் குடுங்க" என்றார். அதெல்லாம் கூடாது, வந்தது வந்ததுதான் என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது.

"போன வருசமும் பொறுமைதானுங்க வந்துச்சு. ஒரு மனுசன் எத்தனை வருசத்துக்குங்க பொறுக்கறது?"

அண்ணனுக்கு ஒரு இஞ்சு எச்சு

கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன் தம்பி ஞானராஜும் தேவராஜும். பெற்றோர் காலத்துக்குப் பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்து, கூடத்துக்கு நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். நாலு இஞ்சுச் சுவர். அதற்கு மேல் கனம் வைத்தால் யார் பக்கம் இடம் போகும் என்று தகராறு வந்ததாம். எதற்காகப் பேச்சு நின்றது என்று தனித்தனியே இருவரிடமும் கேட்டேன். ஆளுக்கொரு சண்டையைச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரே கோயிலில், ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்து, ஒரே பாட்டைப் பாடுவார்கள்.

ஞானராஜ் வந்து, சகோதரர் ஒற்றுமையாக வாழ்வது எத்தனை இன்பம் என்ற வசனத்தை ஆர்டர் கொடுத்தார். நடுச்சுவரில்தான் மாட்டப்போகிறாராம். அடுத்த வாரம் தேவராஜ் வந்தார். அதே வசனம், அதே சுவர், மறுபக்கம். அண்ணன் என்ன அளவு கொடுத்தார் என்று விசாரித்து, அதைவிடப் பெரிதாகக் கேட்டார். இது ஞானராஜ் காதுக்கு எப்படியோ போனதும், செய்து கொடுத்த பலகையையே அவர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், கடைசியில் ஞானராஜ் எடுத்துப்போனது கிட்டத்தட்ட ஒரு கதவு. ஆட்டோவில் ஏற்ற எங்கள் வீட்டுக்காரரும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது.

"ஒற்றுமையெல்லாம் சரி அம்மணி. அவனோடதை உட ஒரு இஞ்சாவது எச்சா இருக்குதான்னு அளந்து பார்த்துப் போட்டுத்தானே குடுக்கறீங்க?"

எங்கள் வீட்டுச் சுவர்

ஊருக்குத்தான் உபதேசம். எங்கள் வீட்டில் ஒரு வசனப் பலகைகூடக் கிடையாது. ஒரு நாள் காலை உப்புமாவே ராத்திரிக்கும் என்றபோது, நன்றாயிருக்கிறது என்று இரண்டாவது முறையும் போட்டுச் சாப்பிட்டார் எங்கள் வீட்டுக்காரர். எது கொடுத்தாலும் போதும் என்கிற மனுஷனோடு குடும்பம் நடத்துவது லேசு என்று நினைக்காதீர்கள். குறை சொல்ல நமக்கு ஒன்றுமே மிஞ்சாது. "உங்க ஊட்டுல என்ன வசனங்க மாட்டியிருக்கறீங்க?" என்று ஒரு வாடிக்கையாளர் அவரிடம் கேட்டார். சட்டம் அறுப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"மாட்டலீங்க. காலையில இருந்து காதுல உழுந்துக்கிட்டேதானே இருக்குது."

ஷீபா வந்தாள்

தேவராஜின் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. முதல் பத்திரிகை பெரியப்பாவுக்குத்தான் வைக்க வேண்டும். அதை வைக்காமல் மற்றவர்களுக்குக் கொடுக்க முடியாமல் பத்திரிகைக் கட்டு அப்படியே கிடந்தது. கேள்விப்பட்டு நான் இரண்டு பேரையும் போனில் கூப்பிட்டேன். "அவன் வந்து கூப்புட்டா வாரேன்" என்றார் அண்ணன். "அவரு வருவேன்னு சொன்னாக் கூப்புடறேன்" என்றார் தம்பி. இவர்களுக்கா நான் வசனம் விற்றேன் என்று எரிச்சலாக வந்தது.

அந்தப் பெண் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் அவளை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது பெரியப்பாதானாம். நான் கொடுத்த டீ ஆறிப்போனது. சிரித்துக்கொண்டேதான் பேசினாள், கண் மட்டும் நிறைந்திருந்தது.

"அக்கா, பெரியப்பா இல்லாம நான் கோயிலுக்குள்ள நடந்து வர மாட்டனுங்க. அந்த வசனத்தை ரண்டு பக்கமும் வாங்கி வெச்சு என்னத்துக்குங்க?"

ஆணி

நடந்ததை அடுத்த வாரம் ஷீபாதான் போனில் சொன்னாள். ஞானராஜ், கதவளவு பலகைக்குச் சாதாரண ஆணி தாங்காது என்று, இருப்பதிலேயே நீளமான ஆணியாக வாங்கி, ஸ்டூலில் ஏறித் தானே அடித்திருக்கிறார். நாலு இஞ்சுச் சுவருக்கு அது தெரியுமா? காலைச் சாப்பாட்டில் இருந்த தேவராஜின் இட்லித் தட்டில் காரை உதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் ஆணி முனை எட்டிப் பார்க்கிறது.

"ஏனுங்கண்ணா, ஆணி ஊட்டுக்குள்ளயே வந்துபோச்சுங்க!" என்று கத்தியிருக்கிறார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வாயில் வந்த முதல் 'அண்ணா.' அந்தப் பக்கம் சுத்தியல் அடிப்பது நின்றது. பிறகு, "வந்துருச்சா? அப்படியே புடிச்சுக்கடா, இந்தப் பக்கம் ஆடுது" என்று குரல் வந்ததாம். கழுவாத கையோடு தம்பி ஓடிப்போய்க் குறடு எடுத்துவந்து ஆணி முனையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் பலகையை மாட்டி முடிக்கும்வரை விடவில்லை. பிடித்தபடியே சுவரைப் பார்த்து, "ஷீபாவுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறனுங்கண்ணா" என்றாராம். "தெரியும்டா. நாலு இஞ்சுதானே, எல்லாந்தான் கேக்குது. நீ எப்பக் கூப்புடுவீன்னுதான் உக்காந்திருக்கறேன்" என்றாராம் அண்ணன். அன்றைக்கே முதல் பத்திரிகை போய்விட்டது.

சில நாள் கழித்துத் தேவராஜ் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். சரி, இன்னும் பெரிதாகக் கேட்கப்போகிறார், அடுத்து வீட்டுக்கூரையைக் கழற்ற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு டேப்பை எடுத்தேன். அவர் கூச்சத்தோடு பலகையை மேசையில் படுக்கவைத்தார்.

"இதைச் சின்னதாப் பண்ணிக் குடுங்கக்கா. அண்ணன் அடிச்ச ஆணியிலயே எங்க பக்கம் மாட்டிக்கறனுங்க. பாரம் எச்சானா அவரோடது உழுந்துருமுங்க."

இத்தனை காலம் நான் விற்ற வசனங்களால் முடியாததை ஒரு ஹார்டுவேர் கடை ஆணி சாதித்துவிட்ட பிறகு, இப்போதெல்லாம் எந்தக் குடும்பத்துக்கு ஒற்றுமை வசனம் கொடுத்தாலும் சுவரின் கனத்தைக் கேட்டு, அதைவிட நீளமாக ஓர் ஆணியும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.