யாருமில்லாதவர்களுக்கு ஒரு வீடு

எனக்கு ஒரு மகன் இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அரசாங்கத்திடம் நான் அப்படிச் சொல்லவில்லை.

தெப்ராவ் பக்கம் வயதானவர்களுக்கென்று மாநில அரசு கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் இப்போது குடியிருக்கிறேன். தரைத்தளம். ஒரு கூடம், ஓர் அறை, நான் ஒருத்தி நின்று சமைக்கப் போதுமான அடுப்படி. குளியலறையில் வழுக்கி விழாமல் இருக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி வைத்திருக்கிறார்கள். வாடகையைச் சொன்னால் வெளியில் யாரும் நம்பமாட்டார்கள். மிச்சத்தை அரசாங்கம் போட்டுக்கொள்கிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். வளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நான் அதற்குள் நுழைந்த விதத்தில்தான்.

அதற்கு முன் தம்போயில் மகன் வீட்டில் இருந்தேன். மருமகள் கொடுமைக்காரி என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம், நீங்களும் உடனே நம்பிவிடுவீர்கள். ஆனால் அவள் எனக்கென்று தனிச் சட்டியில் உப்புக் குறைத்துக் குழம்பு வைத்தவள். பேத்தி என் முதுகில் ஏறி விளையாடுவாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. இரண்டு அறை வீட்டில் என் கட்டில் கூடத்தில் கிடந்தது. எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் எனக்கு இரவு. மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லைப் பாலத்தில் நெரிசலுக்கு முன்பே போய்விட வேண்டும் என்று விடியுமுன் மோட்டாரை எடுப்பான். என் தூக்கம் கெடக்கூடாதென்று விளக்கைப் போடாமல் இருட்டில் ஹெல்மெட்டைத் தேடுவான். நான் தூங்குவதுபோல் படுத்திருப்பேன். வருடக்கணக்கில் ஒருவரையொருவர் இப்படி ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவள் நான். பென்ஷன் இல்லாத டீச்சர். ஞாயிறு பதிப்புக்கு அவ்வப்போது ஏதாவது எழுதுவேன். எழுத ஒரு மேசை வேண்டும், மேசைக்குப் பக்கத்தில் யாரும் கார்ட்டூன் பார்க்காமல் இருக்க வேண்டும், நினைத்த நேரத்தில் நெத்திலி வறுக்க வேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த வயதில் எனக்கு அதுதான் பேராசையாக இருந்தது. தெப்ராவ் வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும், மனுப் போடப் போகிறேன் என்று மகனிடம் சொன்னேன்.  நேர்முகத்துக்கு லீவு எடுத்துக் கூட்டிப்போகிறேன் என்றான்.

நேர்முகத்தன்று மகன் என்னை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். பண்டார் தெங்காராவிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். செம்பனைத் தோட்டத்தில் வேலை; வேலை முடிந்ததும் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. தெரிந்தவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். கணவன் இல்லை. ஒரே மகன் எப்போதோ கோலாலம்பூருக்குப் போனவன். போன் நம்பரும் மாறிவிட்டது. நான் கொண்டுபோயிருந்த கறிபாப் பலகாரத்தில் பாதியைக் கொடுத்தேன். கூடவே, டீச்சர் புத்தி சும்மா இருக்குமா, பாடமும் எடுத்தேன். யாரும் இல்லை என்று சொன்னால்தான் முதலில் கிடைக்கும், மகன் பேச்சையே எடுக்காதீர்கள் என்றேன். அவள் வாயில் வைத்த கறிபாப்பைக் கையில் எடுத்துவிட்டாள்.

"உசிரோட இருக்கிற புள்ளைய இல்லன்னு எப்படி டீச்சர் வாயால சொல்றது? அப்புறம் அது பலிச்சிட்டா?"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தியா என்று நினைத்தேன். அவள் எனக்கு முன் உள்ளே போனாள், வந்தாள், என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, என் மகன் வருவதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு அப்படிப் பாடம் எடுத்தாலும், நான் உள்ளே போகும்போது பொய் சொல்வதாக இல்லை. மகனுக்குக் குடும்பம் இருக்கிறது, வீடு சின்னது என்று மலாயில் சொல்லிப் பழகி வைத்திருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மாதிரி. என்னை மக்சிக், அத்தை, என்று அழைத்தார். வீடுகள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம், இது மக்கள் பணம் என்பதால் முதலில் ஆதரவற்றவர்களுக்கு என்று பொறுமையாக விளக்கினார். பிறகு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். பழகி வைத்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"தாக் அடா," என்றேன். இல்லை.

அதோடு போயிருக்கலாம். கண்ணாடிக் கதவுக்கு அருகில் என் பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். அதிகாரி அவனைக் காட்டி, அது யார் என்று கேட்டார்.

"ஜிரான்," என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்.

என் மகன் அதைக் கேட்டான். கதவு திறந்துதான் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிய சத்தம் கேட்டது. என் அடையாள அட்டையில் பழைய வாடகை வீட்டு முகவரியே இருந்தது. அதை மாற்றாத சோம்பேறித்தனமும் அன்று எனக்குக் கைகொடுத்தது.

திரும்பும்போது அவன் காரை ஓட்டினான். சிவப்பு விளக்கில் நின்றபோது என் பக்கம் திரும்பாமலே, "நேரா வீட்டுக்குப் போலாமா ஆண்ட்டி, இல்ல வழியில ஏதாச்சும் சாப்பிட்டுட்டுப் போலாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். அவன் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, கணக்கைத் தீர்த்திருப்பேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அவன் அப்பாவைப்போல, எல்லாவற்றையும் வேடிக்கையாக்கி விழுங்கிவிடுவான்.

வீடு கிடைத்தது. சாவி கொடுக்கும் நாளில் கூடாரம் போட்டு, பீஹூன் நூடுல்ஸ் வைத்து, ஆள் உயரத்துக்கு அட்டையில் சாவி செய்து வைத்திருந்தார்கள். வை.பி., எங்கள் சட்டமன்ற உறுப்பினர், வந்து ஒவ்வொருவரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டார். என் மகன் படத்தில் விழாத தூரத்தில், சமையல்காரர்களின் வேன் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

பொய் சொல்லமாட்டேன், முதல் சில வாரங்கள் எனக்குக் கொண்டாட்டம்தான். நினைத்தபோது எழுந்தேன், நினைத்தபோது படுத்தேன். வானொலியைச் சத்தமாக வைத்தேன். நெத்திலி வறுத்தேன். குற்ற உணர்ச்சி இருக்கிறவளுக்குத் தூக்கம் வராது என்பதெல்லாம் சும்மா. நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் அந்தத் தோட்டத்துப் பெண் போன் செய்தாள். எனக்குக் கிடைத்ததா என்று விசாரித்தாள். கிடைத்துவிட்டது என்றேன். அவளுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை, காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். மகன் இருக்கிறான் என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான் இருக்கும் என்று அவளே அவர்களுக்குப் பரிந்து பேசினாள். அவள் குரலில் பொறாமை ஒரு துளி இருந்திருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பேன். இல்லை.

"உங்களுக்காச்சும் கெடச்சிச்சே டீச்சர். எனக்குப் புள்ளன்னு ஒருத்தன் எங்கயோ இருக்கான். யாருமே இல்லாதவங்க, நீங்கதான் பாவம்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குப் பொரித்த மீன் அப்படியே கிடந்தது.

சில மாதங்கள் கழித்து, தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் முறுக்கு டின்னும் புதுச் சேலையுமாக வந்திருந்தான். என் கட்டில் கால் ஆடுகிறதென்று கீழே குனிந்து திருகிக்கொண்டிருந்தான். கதவு திறந்து கிடந்தது. குடியிருப்பவர்கள் உண்மையில் குடியிருக்கிறார்களா, உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வரும் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். ஒருவர் அவனைப் பார்த்து, இவர் யார் என்று என்னிடம்தான் கேட்டார். மகன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மேசை, வானொலி, சுவரில் கம்பி. நான் பார்த்து முடிப்பதற்குள் அவன் கட்டிலடியிலிருந்து எழுந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"ஜிரான். ஜிரான் லாமா," என்றான். பழைய பக்கத்து வீட்டுக்காரன், சும்மா உதவிக்கு வந்தேன்.

அவர்கள் போன பிறகு நான் அழுதேன். அவன் மறுபடி குனிந்து திருகலை முடித்தான். "விடுங்கம்மா. சொன்னா வீடு போயிரும்ல," என்றான். நான் பெற்றவனுக்கு நான் கற்றுக்கொடுத்த கடைசிப் பாடத்தை அவன் என்னைவிட நன்றாக ஒப்பித்துவிட்டான்.

அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தம்போயில் மகன் வீட்டார் என் கூடத்துக் கட்டிலைக்கூட இன்னும் எடுக்கவில்லை. இந்த வீடு அந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கே போகும் என்று நிச்சயம் இல்லை, ஆனால் அவளைப்போல ஒருத்திக்குப் போகும். திங்கட்கிழமை வந்தால், அடுத்த திங்கட்கிழமை என்கிறேன். இந்த வாசலும் இந்தச் சாவியும் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டன. வெட்கக்கேடுதான்.

போன வாரம் மகன் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஐந்து வயது. எனக்கும் அவளுக்கும் ஒரே நெற்றி, ஒரே சப்பை மூக்கு. நான் நடைபாதையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி, அவளும் என் வயதுக்காரிதான், குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "இனி சூச்சு சியாப்பா?" என்று கொஞ்சினாள். நீ யார் பேத்தி என்று கேட்கிறாள்.

குழந்தை அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாலர் பள்ளியில் பதில் தெரிந்த பிள்ளைகள் நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

"ஜிரான்," என்றாள்.

சொல்லிவிட்டு, சரியா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான பதில் சொன்ன பிள்ளைகளுக்கு எத்தனையோ வருடம் தலையாட்டிப் பழகியவள் நான். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அவளுக்கும் தலையாட்டினேன்.