தூணோரம் நின்றவர்

ஐந்தாம் வகுப்பில் நான் வரைந்த ஆற்றுப்படம் ஒன்றைப் பாளையங்கோட்டை நூலகக் கண்காட்சியில் மாட்டியிருந்தார்கள். தாமிரபரணியில் நான் ஒரு பாய்மரக் கப்பலை விட்டிருந்தேன். முழங்கால் தண்ணீரில் அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, பரிசும் தரவில்லை. ஆனாலும் வீட்டிலுள்ள எல்லோரும் வந்து பார்த்தே ஆகவேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்குத் தம்பியின் காய்ச்சல். வருகிறேன் என்று சொன்னவர் பெரியப்பா ஒருவர்தான்.

பெரியப்பாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். ஒருமுறை பேசியவர் எத்தனை காலம் கழித்துப் பேசினாலும் குரலை வைத்தே பெயரைச் சொல்லிவிடுவார்.

"நீங்க வந்து என்னத்தப் பாப்பீங்க பெரியப்பா?" என்று கேட்டேன். அடுக்களையிலிருந்து அம்மா முறைத்தாள்.

"நீ பாத்துச் சொல்லுட்டி, நான் கேட்டுக்கிடுதேன்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் தோளைப் பிடித்தபடி வந்தார். கூடத்தின் ஒரு பக்கம் பிள்ளைகளின் படங்கள். மறுபக்கம் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளிலிருந்து தேடிக் கொடுத்த பழைய போட்டோக்கள். என் படத்தின் முன் அவரை நிறுத்தி, பாயின் நிறம் முதல் கொடிக்கம்பம் வரை விளக்கினேன்.

"கப்பல் எங்க போவுது?"

"புன்னக்காயலுக்கு."

"அப்பம் சரி. கடல் அங்கனதான இருக்கு."

அதன் பிறகு பழைய போட்டோக்களைச் சொல்லச் சொன்னார். எனக்கு அதில் நாட்டமில்லை. ஒரு தேர், ஒரு துணிக்கடை, ஒரு மீசைக்காரர் என்று கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே நடந்தேன். கண்காட்சிப் பொறுப்பிலிருந்த அக்கா ஒருவர் இதைக் கவனித்துவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு போட்டோவின் கீழேயும் எழுதியிருந்ததை அவரே நிறுத்தி வாசித்தார். ஒன்றில், பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் புதிதாக வந்தவர்களைச் சேர்த்த நாள் என்று இருந்தது.

பெரியப்பா நின்றுவிட்டார். எந்த வருடம் என்று கேட்டார். அக்கா சொன்னதும், "நான் சேர்ந்த வருசம்" என்றார்.

அவர் பள்ளியில் சேர்ந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆறு வயதில், ராதாபுரம் பக்கத்திலிருந்து தாத்தாவும் ஆச்சியும் பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் திரும்பவில்லை. போட்டோ எடுக்க வரிசையில் நிறுத்தியபோது அம்மா, அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பதில் இல்லை. அதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். இதைச் சிரித்தபடிதான் சொல்லுவார். ஆனால் என்னிடம் எப்போதும் 'உங்க ஆச்சி' என்பாரே தவிர, 'அம்மா' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே ஆச்சி இறந்துபோயிருந்தார்.

"தகரப்பெட்டி வச்சிருக்க பையன் இருக்கானா?"

"இருக்கான். ஓரத்துல பெட்டியக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கான். காது ரெண்டும் பெரிசு."

"அது நாந்தான். பின்னால யாரு இருக்கா?"

பின்னால் நான் பார்த்திருக்கவில்லை. "வராந்தால ஒரு தூணு. அதை ஒட்டி ஒரு அம்மா நிக்காங்க."

"காதப் பாரு. என்ன போட்டிருக்கு?"

அக்கா தடுப்புக் கயிற்றைக் கழற்றி என்னைக் கிட்டே போக விட்டார். "ஒரு காதுல பெருசா பாம்படம் தொங்குது. இன்னொரு காது கிழிஞ்சு கிடக்கு."

கைக்குழந்தையாக இருந்தபோது அந்தப் பாம்படத்தைப் பிடித்திழுத்துக் காதைக் கிழித்தது தான்தான் என்று பெரியப்பா பின்னாளில் சொன்னார். அன்று என் தோளைப் பிடித்தபடி இன்னும் ஓரடி முன்னே வந்தார்.

"எங்க பாக்காங்க? கேமராவையா?"

"இல்ல, உங்களத்தான் பாக்காங்க."

"தள்ளியா நிக்காங்க?"

"பக்கத்துலதான். கைய நீட்டுனா தொட்டுரலாம் போல."

"அழுவுதாங்களா?"

நான் உற்றுப் பார்த்தேன். "இல்ல பெரியப்பா. முந்தானையச் சுருட்டி வாய்க்குள்ள வச்சுக் கடிச்சிட்டு இருக்காங்க. பல்லு வலி போல."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பேனாவோடு திரும்பி வந்து, "இந்தப் போட்டோல யாருக்கும் பேரு தெரியல அண்ணாச்சி. தெரிஞ்சவங்களச் சொன்னா கீழ எழுதிருவேன்" என்றார்.

"அந்தத் தூணுகிட்ட நிக்கது எங்கம்மா" என்றார் பெரியப்பா. பெயரையும் சொன்னார். அக்கா அதை அட்டையில் எழுதி, எழுதியதை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினார். அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

கண்காட்சி முடியும்வரை அலுவலகம் விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு தினமும் அங்கே போனார். என் கப்பலுக்காகத்தான் என்று பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். "எப்படி நிக்காங்க, சொல்லு" என்பார். நானும் அலுக்காமல் அதையே சொல்வேன், பல்வலி உட்பட.

அந்தப் போட்டோ யார் வீட்டிலிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. பழையதைக் குப்பையில் போடாமல் நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த அந்த முகம் தெரியாதவருக்கும், கயிற்றைக் கழற்றிய அக்காவுக்கும் இன்றும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன். அதன்பின் பெரியப்பா எங்களிடம் ஆச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'எங்கம்மா' என்றே சொன்னார்.

போட்டோவில் பெட்டியோடு நின்ற அந்தப் பையன் குரலை வைத்தே ஆளை அறிபவன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு விம்மல் கேட்டிருந்தால் போதும், பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டிருப்பான். அப்புறம் அவனை விட்டுவிட்டுப் போக அவளால் முடிந்திருக்காது. பெரியப்பாவுக்கு இது நான் சொன்ன அந்த நொடியிலேயே விளங்கியிருக்கும். முதல் நாள் வீடு திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, "கிராம்பு வச்சிருந்தா பல்லு வலி பைய விட்டிருக்கும், என்னட்டி?" என்று கேட்டார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று யோசிக்காமல், ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் ஐஸைத் தின்றுகொண்டிருந்தேன்.