தண்ணீர் திறக்கச் சொல்பவர்

ஊர்த் தண்ணீர்க் குழாய்களின் வால்வுகளை நான்கு பேர் ஆளுக்கொரு தெருவாகத் திறந்துவந்த காலம் அது. ஒருவர் முழுசாகத் திறந்தால் அடுத்த தெருக் குழாய் காற்றைத்தான் கக்கும். ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்குப் பயந்து ஒருவருக்கொருவர் போன் செய்து பார்த்தார்கள். குழப்பம்தான் மிஞ்சியது.

"அண்ணே, நீங்களே சொல்லிடுங்க, நாங்க திறக்கிறோம்" என்று மூத்தவர் தலையில் கட்டினார்கள். மூத்தவர் என்றால் மூன்றே மாதம் மூத்தவர்.

யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் ஒரு மேஜை வந்தது, பிறகு ஓர் அறை, பிறகு வாசலில் ஒரு பலகை. இன்று ஊர்த் தண்ணீர் மொத்தமும் அவர் சொல்லுக்குத்தான் அசைகிறது. அவருக்கோ, இரும்புச் சாவியைத் திருப்பும்போது உள்ளங்கையில் ஏறும் அந்த அதிர்வுக்கும், "தண்ணிக்காரர் வந்தாச்சு!" என்ற கூச்சலுக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

நேற்று பொறுக்கமாட்டாமல், தன் பழைய தெருவுக்குத் திறக்கச் சொல்லி போன் போட்ட கையோடு, தானும் அங்கே போய் வால்வு மூடியருகே நின்றார். குடத்தோடு வந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். தண்ணிக்காரர் வர்ற நேரம்."